புற்றுக்காளானும் அரிசிக்காளானும்: அருகிவருவதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

சித்திரை கடைசியில் கோடை மழை இடியோடு இறங்கிவிட்டால் சேர்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் காளான் பேச்சு ஆரம்பித்துவிடும். இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்பார்கள் பெரியவர்கள். மாசி, பங்குனி வெயிலில் இறுகிக் கிடந்த செம்மண் ஆழம் வரை நனைவது அந்த மழையில்தான். அதனால் அவர்கள் சொல்லும் காலக்கணக்கு சரியாகவே இருக்கிறது. அதிலிருந்து ஐப்பசி மழை வரைக்கும், குப்பனூர் பக்கமானாலும் வாழப்பாடி பக்கமானாலும், விடியற்காலையில் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கரடு, வேலியோரம், மேட்டுக்காடு என்று புற்று இருக்கும் இடமெல்லாம் ஒரு சுற்றுப் போய்வருகிறவர்கள் உண்டு.

அவர்களிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "முன்ன மாதிரி இப்பல்லாம் எங்கங்க காளான்?" என்பார் ஒருவர். "போன வாரம் எங்க காட்டுல கால் வைக்க இடமில்லாம பூத்துக் கிடந்துச்சே" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பெரும்பாலும் அவர்கள் பேசுவது இரண்டு வேறு காளான்களைப் பற்றி. முதலாமவர் தேடுவது பெரிய புற்றுக்காளான். இரண்டாமவர் பார்த்தது பொடிப்பொடியாக முளைக்கும் அரிசிக்காளான். இரண்டும் நெருங்கிய சொந்தம். ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இரண்டையும் வளர்ப்பது கரையான்.

ஓர் உயிரினம் ஆபத்தில் இருக்கிறதா, தாக்குப்பிடிக்குமா என்பதை 'பாதுகாப்பு நிலை' என்ற சொல்லால் குறிக்கிறார்கள். புலிக்கும் யானைக்கும் அதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு வாரம் தலைகாட்டிவிட்டு மண்ணுக்குள் மறைந்துவிடும் காளானுக்கு எதை எண்ணுவது? அதைத்தான் இந்த இரண்டு காளான்களை வைத்து விளக்கப் பார்க்கிறேன்.

இரண்டும் எப்படி இருக்கும்

பெரிய புற்றுக்காளானில் நம் பக்கம் காணப்படும் முக்கியமான இனத்தின் அறிவியல் பெயர் டெர்மிட்டோமைசிஸ் ஹைமியை. 1979-இல் தென்னிந்தியாவிலிருந்து இதைப் புதிய இனமாக விவரித்துப் பெயரிட்டவர் சென்னைப் பல்கலைக்கழகப் பூஞ்சையியல் அறிஞர் கே. நடராஜன். இந்தப் பேரினத்தையே 1942-இல் தனியாகப் பிரித்துக்காட்டிய பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் நினைவாக வைத்த பெயர் அது. காலங்காலமாக நம் ஊர்ச் சட்டியில் குழம்பான ஒரு காளான் அறிவியல் ஏட்டில் தனிப்பெயரோடு ஏறியது 1979-இல்தான் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெயரே இல்லாத ஒன்றுக்குப் பாதுகாப்பு நிலையைப் பற்றிய பேச்சே எழாது.

ஹைமியை நன்றாக விரிந்தால் தொப்பி உள்ளங்கை அகலம் வரும். வெள்ளை நிறம். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கூர்முனை. மண்ணைக் குத்திக்கொண்டு மேலே வருவதற்கான முனை அது. தண்டில் தடித்த வளையம் ஒன்று இருக்கும், அது எளிதில் உதிராது. தண்டு மண்மட்டத்தோடு முடிவதில்லை, வேர் மாதிரி மெலிந்துகொண்டே கீழே இறங்கிப் புற்றுக்குள் இருக்கும் ஒரு கட்டியில் போய் நிற்கும். மண்ணுக்கு மேலே தெரிவதைவிடக் கீழே இருக்கும் பகுதி நீளமாக இருப்பதும் உண்டு.

அரிசிக்காளானின் பெயர் டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்பஸ். 1871-இல் பெர்க்லி, புரூம் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரிகளை வைத்து முதலில் விவரித்தார்கள். தொப்பி ஒன்று, இரண்டு சென்டிமீட்டர்தான். நடுவில் இதற்கும் சின்ன முனை உண்டு. ஆனால் தண்டில் வளையம் கிடையாது, ஆழத்துக்கு இறங்கும் வேர்த்தண்டும் கிடையாது. நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் நெருக்கியடித்து முளைக்கும். வேர்த்தண்டு இல்லாததால் இதை வேறு பேரினம் என்று பிரித்து வைத்தவர்களும் இருந்தார்கள். பின்னால் மரபணு ஆய்வுகள் வந்து, இதுவும் அதே வீட்டுப் பிள்ளைதான் என்று காட்டிவிட்டன.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். மேலே எழுதியிருப்பது இரண்டுக்குமான வேறுபாட்டைப் புரிந்துகொள்வதற்கு மட்டும்தான். இதைப் படித்துவிட்டு யாரும் காளான் பறித்துச் சமைக்கக் கூடாது. தண்டில் வளையம் உள்ள, வெள்ளையான, பெரிய தொப்பி கொண்ட ஒரு நச்சுக்காளான் நம் ஊர்ப் புல்வெளிகளிலேயே மழைக்காலத்தில் முளைக்கிறது. குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்று பெயர். சாப்பிட்டால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். முதிர்ந்த நிலையில் தொப்பியின் அடிமடிப்புகள் பச்சை சாயலாக மாறும், அடியில் வேர்த்தண்டும் இருக்காது. ஆனால் இளசாக இருக்கும்போது அந்தப் பச்சை தெரியாது. பொடிக்காளான்களில் ஏமாறுவது இன்னும் சுலபம். தலைமுறை தலைமுறையாகப் பறித்துப் பழகியவர் பக்கத்தில் நின்று காட்டினால் ஒழிய வேண்டாம்.

கரையான் செய்யும் வெள்ளாமை

இந்த இரண்டு காளான்களின் நிலையும் கரையானின் நிலையோடு கட்டப்பட்டது. அதனால் புற்றுக்குள் நடப்பதை விரிவாகவே பார்த்துவிடலாம்.

எல்லாக் கரையானும் காளான் வளர்ப்பதில்லை. அதில் ஒரு துணைக்குடும்பம் மட்டும்தான் வளர்க்கிறது. உலகில் ஏறத்தாழ 330 இனங்கள். நம் ஊரில் மண்புற்று எழுப்பும் ஓடான்டோடெர்மிஸ் வகைக் கரையான்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இந்தக் கூட்டுவாழ்வு சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கக் காடுகளில் தொடங்கியது என்பது மரபணு ஆய்வுகளின் கணிப்பு. மனிதர் ஏர் பிடித்தது நேற்று நடந்த விஷயம்.

வேலைக்காரக் கரையான்கள் உதிர்ந்த இலை, காய்ந்த குச்சி, வைக்கோல், சாணம் என்று கிடைப்பதையெல்லாம் தின்றுவிட்டுப் புற்றுக்குள் வந்து கழிக்கின்றன. அரைகுறையாகச் செரித்த அந்தக் கழிவை வைத்தே மடிப்பும் ஓட்டையுமாகப் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டியைக் கட்டுகின்றன. அதைக் காளான் பாத்தி என்று வைத்துக்கொள்ளலாம். தின்ற இரையோடு காளானின் வித்துகளும் வயிற்றுக்குள் போய் வந்திருக்கும். பாத்தியில் அவை முளைத்துப் பூஞ்சை இழைகளாகப் படர்கின்றன. கரையானால் எளிதில் உடைக்க முடியாத மரச்சத்தை அந்தப் பூஞ்சை உடைத்துக் கொடுக்கிறது. பாத்தியில் வெள்ளை வெள்ளையாகக் கடுகளவு முடிச்சுகள் உருவாகும். கரையான் அதைத் தின்னும். பழைய பாத்தியையும் தின்னும். தின்றது போக, மேலே புதுப் பாத்தி போடும்.

கரையான் இருக்கும் வரை இந்த வெள்ளாமை சுத்தமாக நடக்கிறது. கரையான் செத்தாலோ இடம் மாறிப் போனாலோ சில நாட்களில் அந்தப் பாத்தியில் சைலேரியா என்ற வேறொரு பூஞ்சை கருப்புக் கருப்பாக எழும்பிவிடும். நம் புற்றுக்காளான் அதோடு முடிந்தது. கரையான் இல்லாமல் அதற்குத் தனி வாழ்வு கிடையாது.

மழைக்காலத்தில் பாத்தியிலிருந்து வேர்த்தண்டை மேலே அனுப்பி ஹைமியை தொப்பி விரிக்கிறது. அரிசிக்காளான் வெளியே வரும் வழி வேறு. கரையான்களே பாத்தியின் துணுக்குகளைச் சுமந்து வந்து மண்மேல் பரப்பிவிடுகின்றன. அந்தத் துணுக்குகளிலிருந்து காளான் கூட்டமாக முளைக்கிறது. அதற்கு வேர்த்தண்டு இல்லாததன் காரணம் இதுதான். ஒன்று புற்றின் ஆழத்தோடு ஒட்டியே இருக்கிறது, மற்றொன்று அறுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. பறிப்பதால் எதற்கு எவ்வளவு பாதிப்பு என்று பார்க்கும்போது இந்த வேறுபாடு திரும்ப வரும்.

அப்புறம் ஈசல். புது மழையில் புற்றிலிருந்து ஈசல் பறக்கிறதே, அவைதான் நாளைய ராஜா ராணிகள். ஜோடி சேர்ந்து மண்ணுக்குள் போய்ப் புதுப் புற்று தொடங்கும். ஆனால் ஓடான்டோடெர்மிஸ் ஈசல்கள் தாய்வீட்டிலிருந்து காளான் வித்தைக் கொண்டுபோவதில்லை. புதுப் புற்றில் பிறக்கும் முதல் வேலைக்காரக் கரையான்கள் வெளியே இரை தேடப் போய், அங்கே சருகில் படிந்திருக்கும் வித்துகளை இரையோடு சேர்த்துக் கொண்டுவந்தால்தான் புதுப் பாத்தி உருவாகும். பக்கத்துப் புற்றுகளில் காளான் விரிந்து வித்து உதிர்த்திருந்தால்தான் அது நடக்கும். மண்மேல் விரியும் ஒவ்வொரு தொப்பியும் பிறக்கப்போகும் புற்றுகளுக்கான விதைநெல்.

எண்ண வேண்டியது எது

இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1964 முதல் சிவப்புப் பட்டியல் ஒன்றைப் பராமரித்துவருகிறது. அதில் ஒன்பது நிலைகள் உண்டு. உலகிலேயே இல்லாமல் போனது, வளர்ப்பில் மட்டும் மிஞ்சியது என்று இரண்டு. அடுத்து ஆபத்தின் அளவைப் பொறுத்து மிக அருகியது, அருகியது, அழிவாய்ப்பு உள்ளது என்று மூன்று. ஆபத்தை நெருங்கிக்கொண்டிருப்பது ஒன்று, கவலை குறைவானது ஒன்று. கடைசி இரண்டை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 'தரவு போதாது', 'மதிப்பிடப்படவில்லை' என்பவை அவை. இந்த இரண்டுக்கும் 'பத்திரமாக இருக்கிறது' என்று பொருள் கிடையாது. பார்த்தோம், சொல்லத் தெரியவில்லை என்பது ஒன்று. இன்னும் பார்க்கவே இல்லை என்பது மற்றொன்று.

ஆபத்து வகைகளில் சேர்ப்பதற்கு அளவுகோல்கள் இருக்கின்றன. கடந்த 10 ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைக் காலத்தில், இதில் எது நீளமோ அதில், எண்ணிக்கை எவ்வளவு சரிந்தது என்பது ஒன்று. 30 சதவீதம் சரிந்தால் அழிவாய்ப்பு, 50 என்றால் அருகியது, 80 என்றால் மிக அருகியது. பரவியிருக்கும் பரப்பு எவ்வளவு சுருங்கியது, துண்டுதுண்டாகிவிட்டதா என்பது இன்னொன்று. இனப்பெருக்கம் செய்யும் நிலையில் எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கின்றன என்பது மற்றொன்று. தொடர்ந்து குறைந்துவரும் இனத்தில் அது 250-க்குக் கீழே போனால் மிக அருகிய நிலைக்குத் தள்ளப்படலாம்.

இங்கேதான் காளானுக்குச் சிக்கல். 'எத்தனை உயிர்கள்' என்ற கேள்விக்கு நாம் கண்ணால் பார்க்கும் காளான்களை எண்ணிப் பதில் சொல்ல முடியாது. மண்மேல் நிற்பது வெறும் காய்ப்பு. உயிர் என்பது கீழே படர்ந்திருக்கும் பூஞ்சை இழைகளின் தொகுதி. சேலத்து மாந்தோப்பில் கூடையிலிருக்கும் காயை எண்ணி, தோப்பில் எத்தனை மரம் என்று சொல்ல முடியுமா? காய்ப்பு ஓர் ஆண்டு கொட்டும், ஓர் ஆண்டு ஏமாற்றும். மரம் அங்கேயேதான் நிற்கும்.

பொதுவாகக் காட்டுக்காளான்களில் ஓர் இழைத்தொகுதி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பது கடினம். மதிப்பீட்டாளர்கள் முளைக்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை வைத்து உத்தேசமாக எண்ண வேண்டியிருக்கிறது. ஆனால் புற்றுக்காளானில் இயற்கையே நமக்கு ஓர் உதவி செய்திருக்கிறது. ஒரு புற்றுக்குள் பொதுவாக ஒரே மரபுவழிப் பூஞ்சைதான் வளர்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கரையான் தன் பாத்தியில் கலப்பு வைப்பதில்லை. ஆகவே ஒரு புற்று என்றால் ஓர் உயிர். புற்றை எண்ணினால் போதும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேரின் பேச்சுக்குத் திரும்பலாம். கால் வைக்க இடமில்லாமல் பூத்துக் கிடந்த அரிசிக்காளான் ஐந்நூறு இருக்கட்டும். அத்தனையும் ஒரே புற்றின் பாத்தித் துணுக்குகளில் முளைத்திருந்தால், கணக்கில் அது ஒன்று. பக்கத்துக் காட்டில் இரண்டு புற்றுகளில் தலா ஆறு ஹைமியை மட்டும் வந்திருந்தால், அது இரண்டு. கண்ணுக்கு ஏராளமாகத் தெரிவது கணக்கில் குறைவாகவும், அரிதாகத் தெரிவது கணக்கில் கூடுதலாகவும் இருக்க வாய்ப்பு உண்டு. காளான்களைப் பற்றிய ஊர்க்கணிப்புகள் பெரும்பாலும் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. ஓர் ஆண்டு மழை தவறினால் காளான் முளைக்காது, புற்று செத்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்தால் முளைக்கும். அதனால் ஓர் ஆண்டுக் குறைவை வைத்து அருகிவிட்டது என்பதும், ஓர் ஆண்டு விளைச்சலை வைத்து ஏராளம் என்பதும் இரண்டுமே அவசரம். குறைந்தது 10 ஆண்டுக் கணக்கைக் கேட்கும் அளவுகோல் சும்மா வைக்கப்படவில்லை.

சிசிலித் தீவிலிருந்து ஓர் உதாரணம்

சிவப்புப் பட்டியலில் காளான்கள் இடம்பிடித்தது மிகத் தாமதமாக. 2003-இல், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன் வகையில் இரண்டு சேர்ந்தன. தொப்பிக் காளான்களில் முதலில் நுழைந்தது 2006-இல், இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த புளூரோட்டஸ் நெப்ரோடென்சிஸ். நாம் பாக்கெட்டில் வாங்கும் சிப்பிக்காளானின் பங்காளி. கிங் ஆய்ஸ்டர் என்ற பெயரில் பெரிய கடைகளில் விற்கிறதே, புளூரோட்டஸ் எரிஞ்சியை, அதற்கு இன்னும் நெருங்கிய உறவு.

எரிஞ்சியை தெற்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை இயற்கையில் பரவியிருக்கிறது, பண்ணைகளிலும் வளர்கிறது. நெப்ரோடென்சிஸோ சிசிலியின் வட மலைகளில் சுண்ணாம்புப் பாறை நிலத்தில், சுமார் 1,200 மீட்டருக்கு மேல், கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியை ஒட்டி மட்டும் முளைக்கிறது. ருசி அதிகம், விலை அதிகம், அதனால் பறிப்பும் அதிகம். பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, ஆண்டுதோறும் முதிர்ச்சி எட்டுவது 250-க்கும் குறைவு என்று மதிப்பிட்டு, மிக அருகியது என்ற நிலையைக் கொடுத்தார்கள். அங்குள்ள இயற்கைப் பூங்காவின் மையப் பகுதியில் பறிப்புக்குத் தடை வந்தது. வெளியேயும் 3 சென்டிமீட்டருக்குக் குறைவான தொப்பியைப் பறிக்கக் கூடாது என்று விதி வந்தது. வித்து உதிர்க்கும் முன் மொக்கைப் பறிக்காதே என்பதுதான் அதன் சாரம்.

நெருங்கிய பங்காளிகளில் ஒன்று கடையில் குவிந்து கிடக்கலாம், இன்னொன்று ஒரே மலையில் எண்ணி எடுக்கும்படி மிஞ்சியிருக்கலாம். சிப்பிக்காளான் கிலோ கணக்கில் கிடைக்கிறதே என்பது காட்டுக்காளானின் நிலையைப் பற்றி எதையும் சொல்லாது.

2025 மார்ச்சில் சிவப்புப் பட்டியலில் பூஞ்சைகளின் எண்ணிக்கை 1,300-ஐத் தொட்டது. அதில் 411 ஆபத்தில் இருப்பவை. அவற்றில் 279 இனங்களுக்கு, விவசாயமும் நகரமும் விரிவதால் வாழிடம் பறிபோவது ஆபத்தாக இருக்கிறது. அறிவியல் பெயர் பெற்ற பூஞ்சைகள் உலகில் ஏறத்தாழ 1,55,000. நூற்றில் ஒன்றைக்கூட இன்னும் மதிப்பிட்டு முடிக்கவில்லை. பாலூட்டிகளையும் பறவைகளையும் அநேகமாக முழுக்க மதிப்பிட்டுவிட்ட அதே பட்டியலில்தான் இந்த நிலை.

நம் மலையடிவாரத்தில் அந்த அளவுகோலை வைத்தால்

ஹைமியையும் மைக்ரோகார்பஸும் சிசிலிக் காளான் மாதிரி ஒரே மலையில் ஒதுங்கியவை அல்ல. ஹைமியை இந்தியாவில் பல மாநிலங்களில் காணப்படுகிறது. மைக்ரோகார்பஸ் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் அகலப் பரவியது. ஆகவே பரப்பு என்ற அளவுகோலில் இரண்டுக்கும் உடனடி ஆபத்து தெரியாது. ஆனால் உலக அளவில் ஒன்றின் நிலை வேறு, ஒரு வட்டாரத்தில் அதன் நிலை வேறு. வட்டார மதிப்பீடு என்று தனியாகவே ஒரு முறை இருக்கிறது. ஓமலூர் வட்டத்தில் ஒரு காளான் தீர்ந்துபோனால் அங்கே வாழ்பவர்களுக்கு அது தீர்ந்ததுதான், ஆப்பிரிக்காவில் இருப்பது ஆறுதல் தராது.

பறிப்பு என்று எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் பாதிப்பு ஒன்றல்ல என்பது என் கருத்து. அரிசிக்காளானை யாராலும் முழுக்கப் பறித்துவிட முடியாது. எவ்வளவு வாரினாலும் நூறு இருநூறு விடுபடும், விரியும், வித்து உதிர்க்கும். அது மண்மேல் கிடக்கும் துணுக்கில் நிற்பதால் பறிக்கும்போது புற்றைத் தொடவேண்டிய தேவையும் இல்லை. ஹைமியை அப்படியில்லை. எண்ணிக்கையில் குறைவு, தூரத்திலிருந்தே கண்ணில் படும், விரிந்ததைவிட மொக்குக்குத்தான் கிராக்கி. ஒரு புற்றில் வந்த எல்லா மொக்கையும் ஒரே காலையில் எடுத்துவிட்டால் அந்தப் புற்று அந்த முறை ஒரு வித்தையும் வெளியே அனுப்பவில்லை. வேர்த்தண்டு முழுசாக வேண்டும் என்று கடப்பாரை போட்டுத் தோண்டினால் பாத்தியும் உடைகிறது. கையால் மெல்லத் திருகி எடுப்பதும், ஒரு புற்றுக்கு இரண்டு மூன்றையாவது விரிய விடுவதும் பெரிய தியாகம் இல்லை. விரிந்து வித்து உதிர்த்த தொப்பி அடுத்த சில நாட்களில் புழு வைத்து அழுகத்தான் போகிறது.

ஆனால் பறிப்பை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. மலையில் வாழும் மலையாளி பழங்குடியினரும் அடிவாரத்து விவசாயக் கூலிகளும் ஆண்டுக்குச் சில வாரம் பறிப்பது இந்த இனங்களுக்குப் பெரிய ஆபத்து என்று நான் நினைக்கவில்லை. பெரிய ஆபத்து புற்றே போவது. அதில் இரண்டு காளான்களும் ஒரே படகில்தான் இருக்கின்றன. மேட்டுக்காடு மனைப்பிரிவாகும்போது முதல் நாளே ஜேசிபி புற்றைத் தட்டிவிடுகிறது. வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் குளோர்பைரிபாஸ் போன்ற கரையான் மருந்தை ஊற்றுகிறார்கள். வீட்டுக்கு அது தேவையாக இருக்கலாம், ஆனால் தோட்டத்து மூலையில், வேலியோரத்தில் இருக்கும் புற்றுக்கும் கையோடு ஊற்றிவிடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. சருகையும் காய்ந்த குச்சியையும் ஒன்றுவிடாமல் கூட்டி எரிக்கும் தோப்பில் கரையானுக்கு இரையே கிடையாது.

ஏற்காட்டுக்கு மேலே போனால் கதை கொஞ்சம் மாறுகிறது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் காப்பி வந்ததிலிருந்து அந்த மலையின் பெரும்பகுதி எஸ்டேட். ஆனாலும் காப்பித் தோட்டத்தில் நிழல்மரம் உண்டு, சருகு உண்டு, மண்ணை ஆண்டுதோறும் உழுவதில்லை. பூஞ்சைகளுக்கு அது மனைப்பிரிவைவிட எவ்வளவோ மேல். மலை முழுக்கக் கட்டடமாவதைவிடக் காப்பியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊரில் புற்றுக்கு ஒரு பாதுகாப்பு ஏற்கனவே இருக்கிறது. மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றும் அம்மன் புற்றை யாரும் இடிப்பதில்லை. ஆடி மாதம் வந்தால் சேலம் சுற்றுவட்டாரத்தில் இப்படிப்பட்ட புற்றுகளைப் பார்க்கலாம். கோவில் சுவருக்குள் சிமெண்டுத் தளம் போட்டு அடைத்துவிடாமல் சுற்றிலும் மண்ணும் மரமும் இருக்க விட்டால், அங்கே கரையானும் வாழும், காளானும் வரும்.

சட்டம் எங்கே நிற்கிறது

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூலைப் பழங்குடியினர் சேகரிக்க உரிமை தருகிறது. அதில் சிறு வன மகசூல் என்பதற்கான விளக்கம் தாவரங்களிலிருந்து கிடைக்கும் மரமல்லாத பொருட்கள் என்று தொடங்கி மூங்கில், தேன், மெழுகு, அரக்கு, மூலிகை, கிழங்கு என்று நீள்கிறது. காளான் பெயர் சொல்லப்படவில்லை. காளான் தாவரமும் இல்லை. காளான் எடுக்கும் உரிமையையும் காளானைக் காக்கும் கடமையையும் வெளிப்படையாக எழுதிவைப்பதே முறை. ஏற்காட்டில் இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறை நடத்தும் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அரிய ஆர்க்கிட்களுக்கு அங்கே ஓர் அடைக்கலம் உண்டு. புற்றுக்காளானைச் சட்டியில் வைத்து அப்படிக் காப்பாற்ற முடியாது. கரையானோடு சேர்த்து இருக்கும் இடத்திலேயே விட்டால்தான் உண்டு. வணிக அளவில் வளர்க்கும் வழியும் இதுவரை கைகூடவில்லை.

சட்டத்தில் ஏற்கனவே ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டு உயிர்ப்பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அந்த ஊரின் மரம், மாடு, மீன், மூலிகை எல்லாவற்றையும் எழுதும் பதிவேடு அது. காளானையும் எழுதலாம், எழுத வேண்டும். நாளைக்கு ஓர் ஆய்வாளர் வந்து ஹைமியையின் வட்டார நிலையை மதிப்பிட உட்கார்ந்தால், 'தரவு போதாது' என்று எழுதிவிட்டு எழுந்து போகாமல் இருக்க இந்தப் பதிவுகள்தான் உதவும்.

எழுதுவது எளிது. புற்று இருக்கும் இடம், அது உயரப் புற்றா தரையோடு தரையாக இருப்பதா, காளான் வந்த தேதி, அதற்கு முன் மழை பெய்த நாள். தண்டில் வளையம் இருந்ததா, வேர்த்தண்டு இருந்ததா. தொப்பியை மேலிருந்து ஒன்று, அடிமடிப்பு தெரிய ஒன்று, தண்டின் அடிவரை தெரிய ஒன்று என மூன்று போட்டோ. விரிந்த தொப்பி ஒன்றை வெள்ளைக் காகிதத்தின்மேல் கவிழ்த்து ஒரு பாத்திரத்தால் மூடி ஓர் இரவு வைத்தால் வித்து தூளாகப் படியும். புற்றுக்காளான் வகை என்றால் லேசான இளஞ்சிவப்புச் சாயலில் இருக்கும். அந்த நிறத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். காளான் எத்தனை என்பதோடு நிறுத்தாமல், எத்தனை புற்றில் வந்தது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே புற்றுகளுக்குப் போய்ப் பார்க்கும்போது எதில் வரவில்லையோ அதையும் தேதி போட்டுப் பதிவு செய்யுங்கள். புற்றே இல்லாமல் போயிருந்தால் அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.